வாய்க்குள்ள மரு, குதிரைமுடி கட்டலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகர்
2 டிசம்பர் 2023, காலை

வயசு 24. வலது கன்னத்துக்கு உள்பக்கம், மேல் கடவாய்ப்பல்லுக்கு நேரா ஒரு சின்ன மேடு. நாக்கால தடவினா தட்டுப்படுது. வலி இல்ல, ரத்தம் இல்ல. பாத்தவங்க மருன்னு சொல்லுதாங்க. கையில வந்த மருவுக்கு எங்க பெரியப்பா குதிரைவால் முடி கட்டி ஒரே வாரத்துல விழவச்சாரு. வாய்க்குள்ளயும் அதே மாதிரி கட்டினா விழுந்துருமா? இல்ல சுண்ணாம்பு வைக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

2 டிசம்பர் 2023, இரவு 10.40

கட்டாதீங்க தம்பி. சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். முதல்ல இத வாசிச்சுட்டு அப்புறம் பெரியப்பாகிட்ட போங்க.

நான் டாக்டர் இல்ல. பாளையங்கோட்டையில தையக்கடை வச்சிருக்கேன், வயசு 47. எனக்கே இப்ப வாய்க்குள்ள ஒண்ணு இருக்கு, அதான் பேசுதேன்.

ஊசியில நூல் கோக்கும்போது நுனிய நாக்குல நனைச்சு உதட்டால ஒரு இழுப்பு இழுக்கது இருபத்தஞ்சு வருசப் பழக்கம். சரஸ்வதி பூசைக்கு மெஷினைத் துடைச்சு பொட்டு வச்சு, மறுநாள் கடை திறந்து முதல் நூல் கோத்தா, நூல் எதுலயோ சிக்குது. நாக்கோட இடது ஓரத்துல. ட்ரையல் ரூம் கண்ணாடியில போய்ப் பாத்தேன். அரிசிக் குருணை அளவுதான். வெள்ளையா, சின்னக் காம்பு மேல நிக்குது. நுனி மட்டும் பிரிபிரியா, முறுக்கு விட்ட நூல் நுனி மாதிரியே இருக்கு. ஒரு நிமிசம் நூல்தான் ஒட்டியிருக்குன்னு நினைச்சு நகத்தால இழுத்தேன். வலிச்சுது. அப்பதான் அது என் சதைன்னு தெரிஞ்சுது.

முதல்ல போன கிளினிக்ல வாயைச் சரியாத் திறக்கக்கூடச் சொல்லல. வைட்டமின் குறைச்சல்னு முப்பது பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, தடவ ஒரு ஜெல். முப்பதையும் தின்னேன். ஒண்ணுக்கு மஞ்சளாப் போனதுதான் மிச்சம். மரு அங்கனயேதான் நிக்குது. இப்ப வேற பல் டாக்டரம்மாகிட்ட காட்டியிருக்கேன். 14ஆம் தேதி எடுக்கதாச் சொல்லியிருக்காவ.

குதிரைமுடி விசயத்துக்கு வாரேன். கையில கட்டினா முடி ரத்தத்தை நெரிக்கும், மரு கறுத்துக் காஞ்சு விழும். காஞ்ச தோல்ல அது நடக்கும். வாய்க்குள்ள எச்சி ஊறிக்கிட்டே இருக்கு, கன்னமும் நாக்கும் ஆடிக்கிட்டே இருக்கு. முடி வழுக்கும், இல்லன்னா பாதி அறுத்துட்டு நிக்கும், அங்க சீழ் வைக்கும். எனக்குப் பெரிய பயம் அது இல்ல. விழுந்தது வயித்துக்குள்ள போயிரும், இல்ல துப்புனதோட போயிரும். அது என்னதுன்னு அப்புறம் யாரு சொல்லுவா?

சுண்ணாம்பு கதையும் எனக்குத் தெரியும். எங்க ஆச்சி என் தம்பி கைமருவுக்குச் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைச்சு வச்சாவ. மரு போச்சு. நாப்பது வருசம் ஆவுது, பத்து பைசா அளவுக்குத் தழும்பு இப்பவும் இருக்கு. கையிலயே அப்படின்னா வாய் என்ன ஆவும்னு நீங்களே நினைச்சுக்கிடுங்க.

எனக்கு இது வந்ததே நூலைக் கடிச்சுக் கடிச்சு ஒரே இடத்துல உரசினதாலதான். உங்களுக்கும் கன்னத்தைக் கடிக்கிற பழக்கம் இருக்கான்னு யோசிங்க.

3 டிசம்பர் 2023, மதியம்

நேத்து கடைசியா எழுதுனத அடிச்சுருங்க. இன்னைக்கு டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டேன். உரசி உரசி வர்றது வேற சாதி. அது வழவழன்னு உருண்டையா, கன்னத்துத் தோல் நிறத்துலயே இருக்குமாம், ஃபைப்ரோமான்னு பேரு. என்னுது மாதிரி பிரிபிரியா இருக்கிறது பாப்பிலோமா. அதுக்குக் காரணம் வைரஸ். நூல் மேல பழி போட்டுட்டேன். இருபத்தஞ்சு வருசம் சோறு போட்ட நூலு.

இன்னொண்ணு. ஒரு மரு தெரிஞ்சதும் மனுசன் என்ன செய்வான், வாய் பூரா தேடுவான். நானும் நேத்து ராத்திரி டார்ச் அடிச்சு நாக்கைத் துணியால பிடிச்சு வெளிய இழுத்துப் பாத்தேன். நாக்கு முடியுத இடத்துல உருண்டை உருண்டையா வரிசையா எட்டோ பத்தோ நிக்குது. குலை நடுங்கிப்போச்சு. எங்க வீட்டுல எழுப்பி, உன் நாக்கை நீட்டுன்னேன். தூக்கத்துல என்ன கிறுக்குன்னு கேட்டுக்கிட்டே நீட்டினா. அவளுக்கும் அதே வரிசை! ஆங்கில வி எழுத்தைக் கவுத்துப் போட்ட மாதிரி. பொறந்ததுல இருந்தே எல்லாருக்கும் இருக்க, ருசி பாக்க மொட்டு உள்ள மேடுகள். நாக்கோட பின்பக்க ஓரத்துல மடிப்பு மடிப்பா இருக்கதும் அப்படித்தான். உதட்டுக்கு உள்ள மஞ்சள் கடுகு மாதிரி சிந்திக் கிடந்தா அது எண்ணெய்ச் சுரப்பி, ஒண்ணும் செய்யாது. 47 வருசமா இத வாயில வச்சுக்கிட்டு ஒரு நாளும் பாத்ததில்ல.

5 டிசம்பர் 2023

ரெண்டு மூணு பேரு கேட்டதுக்குச் சேத்துச் சொல்லுதேன். டாக்டரம்மா சொன்னதும் நான் வாசிச்சதும்தான் இது. தப்பிருந்தா திருத்துங்க.

வைரஸ் பேரு ஹெச்.பி.வி., ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். ஒரே வைரஸ் இல்ல, 200 வகைக்கு மேல இருக்கு. ஊருல சுடலைமாடன் சாமி எத்தனை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எல்லை இருக்குல்லா, அது மாதிரி ஒவ்வொரு வகைக்கும் ஒரு இடம். கை கால் மருவுக்கு ஒரு கூட்டம், வாய்க்கு ஒரு கூட்டம்.

வாய்க்குள்ள நோவில்லாத மருவா வர்றதுல என்னுது மாதிரி ஒத்தையா நிக்கிறது அதிகம். மெத்துன்னு இருக்கிற பின் அண்ணம், உள்நாக்கு, நாக்கு, உதடு இங்கல்லாம் வரும். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்ள நின்னுக்கிடும். 6ஆம் வகையும் 11ஆம் வகையும் இதுல அடிக்கடி கிடைக்கும்.

கைமருவு உள்ள பிள்ளைங்க விரல் சூப்பினா, நகம் கடிச்சா, அதே மரு உதட்டுலயும் நாக்கு நுனியிலயும் முளைக்கும். அது 2, 4 வகை.

பிறப்புறுப்புல வர்ற மரு வாய்வழி உறவால வாய்க்கும் வரலாம். இத எழுதக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா மறைச்சா யாருக்கு லாபம்? அது பெருசா, அகலமா, ஒண்ணுக்கு மேலயும் வரும்.

நாலாவது ஒண்ணு உண்டு, ஹெக் நோய். சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் அதிகம். உதடு, கன்னத்துக்கு உள்ள தட்டையா, மெதுமெதுன்னு, ஒண்ணு கூடி ஒண்ணா பல மேடு. 13, 32 வகை. அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைங்ககிட்ட பாத்து 1965ல எழுதினாங்க. பல பேருக்குத் தானாவே போயிருமாம்.

6 டிசம்பர் 2023

எங்க அத்தை (வீட்டுக்காரி அம்மா, முக்கூடல்) விசயம் கேள்விப்பட்டு போன் போட்டாவ. "மருமவனுக்கு மரு வராம வேற யாருக்குவே வரும்?" போனை வச்சுட்டாவ.

9 டிசம்பர் 2023, இரவு

இத எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாளா யோசிச்சேன். எழுதிருதேன், வேற யாரு வீட்டுலயாவது இதே கூத்து நடக்கும்.

டாக்டரம்மா சீட்டுல ஹெச்.பி.வி.ன்னு ஒரு சொல் எழுதியிருந்தாவ. எங்க வீட்டுல அத போன்ல போட்டுத் தேடிட்டா. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், உடலுறவால பரவும் வைரஸ், அப்படின்னு வரிசையா வந்திருக்கு. ரெண்டு நாளு பேச்சில்ல. சாம்பார்ல உப்பில்ல. மூணாம் நாளு காலையில காப்பியை டம்ளர் சத்தம் கேக்க வச்சுட்டு, "எங்கருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லிருங்க"ன்னா.

நான் என்ன சொல்லுவேன்? எனக்கே தெரியல. ஏதோ செஞ்சவன் மாதிரி முழிச்சேன். அந்த முழி இன்னும் மோசம்.

கடையை மூடிட்டு ரெண்டு பேருமாப் போனோம். டாக்டரம்மா அவளைப் பாத்துத்தான் பேசினாவ, என்னைப் பாக்கவே இல்ல. புற்றுநோய்க்குப் பேர் போனது 16, 18. இந்த மாதிரி மருவுல இருக்கது 6, 11, அது அந்தத் தொழில் பாக்கதில்ல. ஒரே குடும்பப் பேரு, ஆனா ஒருத்தர் கொலைக் கேசுக்கு இன்னொருத்தர பிடிச்சுட்டு வரக்கூடாதுல்லா. யாருகிட்ட இருந்து, எப்ப வந்துச்சுன்னு எந்தச் சோதனையும் சொல்லாது. உள்ள வந்து சத்தமில்லாம வருசக்கணக்கா கிடக்கும். கையில இருந்த மருவால வந்திருக்கலாம், வேற எப்படியும் வந்திருக்கலாம். ஒத்தை மரு லேசுல தொத்தாது, ஒரே தட்டுல சாப்பிட்டா பயப்பட வேண்டாம்னாவ.

திரும்பி வரும்போது வண்டியில பின்னால உக்காந்து, "நீங்க சின்னப்பிள்ளையில விரல் சூப்புனீயளா?"ன்னு கேட்டா. சூப்பினேன்னு சொன்னேன். உண்மையில ஞாபகம் இல்ல. ராத்திரி சாம்பார்ல உப்பு இருந்துச்சு.

14 டிசம்பர் 2023, மாலை

எடுத்தாச்சு. பேச முடியாது, எழுதலாம்.

மொத்தமே இருபது நிமிசம். நாக்குல ஊசிதான் கொஞ்சம் கடுகடுன்னுச்சு. லிக்னோகைன், ரத்தம் கசியாம இருக்க அட்ரினலின் கலந்தது. ரெண்டு நிமிசத்துல அந்த ஓரம் வெளுத்து, யாரோ ஒருத்தரோட நாக்கு என் வாயில கிடக்க மாதிரி ஆயிட்டு. காஸ் துணியால நாக்கைப் பிடிச்சு ஒரு பொண்ணு இழுத்து வச்சுக்கிட்டா. மேல விளக்குல ஒரு கண்ணாடி விளிம்பு உண்டு, அதுல எல்லாம் தெரிஞ்சுது. கண்ண மூடுங்கன்னாவ. மூடுவேனா?

மருவை மட்டும் சீவல. அதோட காம்பு, காம்பைச் சுத்தி நல்ல சதையும் ஒரு மயிரிழை சேத்து, கண் வடிவத்துல வெட்டினாவ. நாம தையலுக்கு விட்டு வெட்டுதோம்லா, அதே கணக்கு. அடியில ஒரு துளி மிஞ்சினா திரும்ப முளைக்கும். அப்புறம் தையல் மூணு. கறுப்பு சில்க் நூலு. ஊசி நம்ம ஊசி மாதிரி நேரா இல்ல, வாளை மீன் முள்ளு மாதிரி வளைஞ்சு. கையால பிடிக்கல, குறடு மாதிரி ஒண்ணால. முதல் முடிச்சுக்கு நூலை ரெண்டு சுத்து சுத்துதாவ, விட்டா நழுவாம நிக்கும். மேல ஒத்தைச் சுத்து. நான் இத்தனை வருசத்துல கண்டுபிடிக்காத முடிச்சு. பட்டனுக்குப் போட்டுப் பாக்கணும்.

எடுத்ததை ஒரு சின்னப் புட்டியில போட்டு என் கண்ணுக்கு நேரா காட்டினாவ. ஃபார்மலின்ல மிதந்துச்சு. வாயில இருக்கையில மலை மாதிரி தெரிஞ்சது, புட்டியில பாத்தா தேங்காய்த் துருவல்ல ஒரு துணுக்கு. ரிப்போர்ட் 20ஆம் தேதி.

"இத்தனூண்டுக்கு டெஸ்டு வேணுமா? பாத்தாலே தெரியுதுன்னு நீங்களே சொன்னீயளே"ன்னு எழுதிக் காட்டினேன். "நான் நூத்துல தொண்ணூறு சரியா இருப்பேன், மிச்சம் பத்துல நீங்க இருந்தா?"ன்னாவ. வெள்ளையா சொரசொரன்னு மரு மாதிரியே வளர்ற புற்றும் ஒண்ணு உண்டாம், வெருக்கஸ் கார்சினோமான்னு. பொயிலை ஒதுக்குற வாயில வரும். வருசக்கணக்கா மெதுவா பரவும், ஆளு மருன்னு நினைச்சு விட்டுருவாங்க.

கத்தி பட்டா பரவிரும்னு நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. எங்க சித்தப்பா அதச் சொல்லியே ஒரு வருசம் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தாரு. கத்தியால பரவல, அந்த ஒரு வருசத்துலதான் பரவுச்சு. அதுக்கு மேல எழுத மனசு வரல.

15 டிசம்பர் 2023

சாப்பாடு என்னன்னு கேட்டீய. ஆறின தயிர்ச்சோறு. இன்னைக்கு எங்க வீட்டுல சொதி வச்சா. தேங்காப்பால் பக்குவமா ஆறி நாக்குல பட்டதும் சொர்க்கம். கூட இஞ்சித் துவையல் கண்ணு முன்னால இருந்துச்சு, தொட முடியல. பக்கத்துக் கடைக்காரர் பாக்க வந்தவரு அல்வா வாங்கிட்டு வந்தாரு. சுடச்சுட. தையல் போட்ட நாக்குக்கு அல்வா! என்ன மனுசன்.

வாய் பேசாததால கடையில சின்ன வேலையா முடிச்சேன். அத்தை கேட்ட தலையணை உறை ரெண்டு. உள்ளுக்கு ஒரு பை வச்சுத் தரணும்னு சொல்லியிருந்தாவ, காசு வைக்கப்போல.

19 டிசம்பர் 2023

உயிரோட இருக்கோம். ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்ச மழை நிக்கவே இல்ல. இப்பத்தான் டவர் வந்திருக்கு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்னு சொல்லுதாங்க. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணிக்குள்ள. கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீசுக்குள்ளயே தண்ணி. தாமிரபரணி ஆத்துக்குள்ள இருக்க குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிட்டு, முருகனுக்கு அது பழக்கம். ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட ஆளுங்க நின்னுட்டாங்க. பாளையங்கோட்டை மேடுங்கிறதால நாங்க தப்பிச்சோம்.

இந்த நேரத்துல சொல்லக்கூடாதுதான், ஆனா மனசு அங்கதான் போகுது. என் புட்டி இருக்கிற லேப் ஆத்துக்கு அந்தப் பக்கம். ஊரே மூழ்கிக் கிடக்கு, எனக்கு தேங்காய்த் துருவல் கவலை.

21 டிசம்பர் 2023

தையல் பிரிச்சாச்சு. கூச்சந்தான், வலி இல்ல. புட்டி பத்திரமா மாடியில இருக்காம். ஃபார்மலின்ல கிடக்க சதை கெட்டுப்போகாது, ஊறுகா மாதிரின்னு டாக்டரம்மா சொன்னாவ. இனிமே நான் ஊறுகா தொட்டுச் சாப்பிட ஒரு மாசம் ஆவும்.

29 டிசம்பர் 2023

ரிப்போர்ட் வந்துட்டு. ஸ்குவாமஸ் பாப்பிலோமா. புற்று மாற்றம் எதுவும் இல்ல. ஓரம் சுத்தம்.

அதுல கோய்லோசைட்னு ஒரு சொல்லு. வைரஸ் புகுந்த செல்லு மைக்ராஸ்கோப்புல கருவைச் சுத்தி காலியா, வெள்ளையா வட்டம் போட்ட மாதிரி தெரியுமாம். கிரேக்கத்துல வெத்துக்கூடுன்னு அர்த்தம், 1956ல வச்ச பேரு. எங்க வீட்டுல ரிப்போர்ட்டை வாங்கி மூணு தடவ வாசிச்சு, பீரோவுல வீட்டுப் பத்திரத்துக்கு அடியில வச்சுட்டா.

எந்த வகைன்னு வைரஸ் டெஸ்ட் எடுக்கலியான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. எடுக்கல. எடுத்தாலும் வைத்தியம் மாறப்போறதில்ல. அப்ப நான் 9ஆம் தேதி 6, 11ன்னு அடிச்சு எழுதினது? இந்த மாதிரி மருவுக்குப் பொதுவாச் சொன்னது அது. என் நாக்குல இருந்தது எதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாப் பாப்பிலோமாவுலயும் தேடினா வைரஸ் சிக்குறதும் இல்லயாம். பீரோ பக்கம் இத நான் சொல்லப் போறதில்ல.

12 ஜனவரி 2024

தனியா எழுதிக் கேட்டவங்களுக்கெல்லாம் சேத்து.

லேசர்ல எடுக்கலாமான்னா, எடுக்கலாம். ரத்தம் கம்மி, தையல் பெரும்பாலும் இல்ல. ஒண்ணுக்கு மேல இருந்தா லேசர் வசதி. ஆனா முழுசா பொசுக்கிட்டா டெஸ்டுக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சாது, அதனால மொதல்ல ஒரு துணுக்காவது எடுத்து அனுப்பச் சொல்லி கேளுங்க. கரண்டு வச்சு கருக்குற முறைக்கும் இதேதான். இன்னொரு சங்கதி: எரியுத புகையில வைரஸோட டி.என்.ஏ. கிளம்பும், அதனால புகை உறிஞ்சுத குழாயும் நல்ல மாஸ்க்கும் டாக்டருக்கு வேணும். என் டாக்டரம்மா கத்திதான் பிடிக்கும்னுட்டாவ.

திரவ நைட்ரஜன் வச்சு உறையவைக்கிறதும் உண்டு. மைனஸ் 196 டிகிரி. செத்த சதை சில நாள்ல தானா கழண்டுரும், ரெண்டு மூணு தடவ போகவேண்டி வரலாம்.

மருந்துக்கடையில கால்மருவுக்கு, கால் ஆணிக்கு விக்கிற சாலிசிலிக் ஆசிட் சொட்டை ஒரு புண்ணியவான் நாக்குல வச்சுட்டு எனக்கு எழுதியிருக்காரு. ஏன்யா? அது தடிச்ச தோலுக்கு உள்ளது. வாய்க்குள்ள வெந்துதான் போகும். உடனே தண்ணி விட்டுக் கொப்பளிச்சு டாக்டர்கிட்ட போகச் சொன்னேன். இமிக்விமோட்னு ஒரு களிம்பை நிறைய மருவு உள்ளவங்களுக்கு டாக்டருங்க சில நேரம் கொடுக்காங்க, அது அவங்க கண்ணு முன்னால நடக்கணும்.

திரும்ப வருமான்னா, ஒத்தை மருவை அடியோட எடுத்தா வர்றது கம்மி. வாய் பூரா ஏகப்பட்டது, எடுக்க எடுக்க வருதுன்னா உடம்போட எதிர்ப்பு சக்தியைப் பாக்கணும். ஹெச்.ஐ.வி. உள்ளவங்களுக்கும், கிட்னி மாத்தி மாத்திரை சாப்பிடுதவங்களுக்கும் அப்படி வரும். கூச்சப்படாம ரத்த டெஸ்ட் எடுத்துருங்க.

மூலக்கரைப்பட்டியில இருந்து ஒரு தாயி கேட்டிருந்தாவ, பையனுக்கு 8 வயசு, கீழ் உதட்டுக்கு உள்ள நாலஞ்சு மெதுமெதுன்னு. பிள்ளைக்குத் தொந்தரவு இல்லன்னா உடனே கத்தி வேண்டாம்னுதான் எங்க டாக்டரம்மா பொதுவாச் சொன்னாவ, ஆனா பிள்ளைய ஒரு தடவ நேர்ல காட்டணும். குரல் கரகரன்னு மாறினா, மூச்சு விடையில சத்தம் வந்தா காத்திருக்காதீங்க தாயி, தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இதே கூட்டத்து வைரஸ் குரல்வளையிலயும் மரு போடும், அது சிறு பிள்ளைக்கு விளையாட்டு இல்ல.

13 ஜனவரி 2024

ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டா இருக்கிற மரு விழுமா? விழாது. வராம தடுக்கத்தான். 2006ல வெளிநாட்டுல வந்துச்சு. 2023ல நம்ம நாட்டுத் தயாரிப்பா செர்வாவேக் வந்திருக்கு, 6, 11, 16, 18 நாலுக்கும். 9ல இருந்து 14 வயசு வரை ரெண்டு ஊசி, அதுக்கு மேல 26 வரை மூணு. ஆம்பளப் பிள்ளைங்களுக்கும் போடலாம். என் தங்கச்சி மகளுக்கு 12. தங்கச்சி யோசிக்கா, "ஊசி பேரைக் கேட்டா நாலு பேரு என்ன நினைப்பாங்க"ன்னு. எங்க வீட்டுக்காரி போன்ல அவளுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தா. டிசம்பர்ல சாம்பாருக்கு உப்புப் போடாத அதே ஆளு!

4 பிப்ரவரி 2024

கேள்வி கேட்ட அம்பை தம்பி ரெண்டு மாசம் கழிச்சு இப்ப எழுதியிருக்காரு. பொங்கலுக்கு வந்தப்ப பல் டாக்டர்கிட்ட போனாராம். மருவே இல்ல.

மேல் ரெண்டாவது கடவாய்ப்பல்லுக்கு நேரா, கன்னத்துக்கு உள்ள எல்லாருக்கும் ஒரு சின்ன மேடு உண்டு. காதுக்கு முன்னால இருக்க பெரிய எச்சில் சுரப்பியோட குழாய் அங்கதான் வாயில திறக்குது. டாக்டர் கன்னத்தை வெளிய இருந்து அமுக்கிக் காட்டினாராம், அந்த மேட்டுல இருந்து சொட்டு எச்சில் வந்துச்சாம். இடது பக்கமும் அதே மேடு. பெரியப்பா குதிரைமுடி கட்டியிருந்தா எச்சில் குழாயக் கட்டியிருப்பாரு.

இதுல எனக்குத்தான் வெக்கம். அவரு எழுதினத இன்னைக்குத் திரும்ப வாசிச்சேன். "மேல் கடவாய்ப் பல்லுக்கு நேரா" அப்படின்னு தெளிவா எழுதியிருக்காரு. அந்தப் பக்கமும் இருக்கான்னு ஒரு கேள்வி நான் கேக்கல. பிரிபிரியா இருக்கா வழவழன்னு இருக்கான்னும் கேக்கல. எனக்கு மரு, அதனால உலகத்துக்கே மரு. நாக்கு வரிசைய வீட்டுக்காரி நாக்கோட ஒப்பிட்டுப் பாத்தவன், இவருக்கு அத சொல்லல பாருங்க. கட்டாதீங்கன்னு சொன்னது மட்டுந்தான் நான் உருப்படியாச் சொன்னது, அதுவும் வேற காரணத்துக்கு.

18 பிப்ரவரி 2024

அத்தை இங்க வந்து பத்து நாளாச்சு. என் நாக்கைப் பாக்கணும்னாவ, தழும்பைக் காட்டினேன். "அத்தை, இப்ப நீங்க காட்டுங்க"ன்னேன். "எனக்கென்ன மருவா மண்ணா"ன்னாவ. வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். முக்கூடல்ல நாப்பது வருசம் பீடி சுத்துன கை, அதே காலத்துல இருந்து இடது கடவாயில பொயிலை ஒதுக்குன வாய். பொயிலை இருக்கிற குழியில, கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையில, வெள்ளையா ஒரு திட்டு. துணியால துடைச்சேன், போகல. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட காடாத்துணி மாதிரி விறைப்பா இருந்துச்சு.

ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். துணுக்கு எடுத்துட்டாங்க. கத்தி பட்டா பரவும்னு அழுதாவ. என் ரிப்போர்ட்டை பீரோவுல இருந்து எடுத்து எங்க வீட்டுக்காரிதான் காட்டினா.

3 மார்ச் 2024

அத்தை ரிப்போர்ட்: லுகோபிளாக்கியா (துடைச்சாப் போகாத அந்த வெள்ளைத் திட்டுக்குப் பேரு), செல்லுல லேசான மாற்றம். புற்று இல்ல. இன்னைக்குப் புற்று இல்லன்னு எழுதணும். பொயிலைய அடியோட விடணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ காட்டணும், மாறினா வெட்டி எடுக்கணும்.

இந்த மூணு மாசமா ஒத்தைக் குருணைக்கு நான் இத்தனை பக்கம் எழுதியிருக்கேன். அந்தத் திட்டு எத்தனை தீவாளியா அங்கன இருக்கோ, அவங்களோட எத்தனை தடவ எதிர எதிர உக்காந்து சாப்பிட்டிருக்கேன். மரு துருத்திக்கிட்டு நிக்கும், கண்ணுல படும். திட்டு பேசாம கிடக்கும்.

10 ஜூன் 2024

ஆறு மாசம் ஆச்சுன்னு என் நாக்கைக் காட்டினேன். தழும்பே தேடித்தான் பாக்கணும். நூல் இப்பவும் நாக்குலதான் நனைக்கேன், பழி நீங்கிட்டுல்லா.

அத்தைக்கும் இன்னைக்குத்தான் செக்கப். திட்டு பெருசாவல, ஆனா சுருங்கவும் இல்ல. விட்டுட்டேன் விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுதாவ, டாக்டர் மோந்து பாத்துட்டுச் சிரிக்காரு. வீடு பூரா தேடியாச்சு. அரிசிப் பானை, சாமி படத்துக்குப் பின்னால, மாட்டுத் தொழுவம், எங்கயும் பொட்டலம் இல்ல. சாயங்காலம் அவங்க கட்டில்ல தலையணையைச் சாச்சு உக்காந்தேன், உறைக்குள்ள ஏதோ சரசரன்னுச்சு. நான் தைச்ச உறை. நான் வச்ச உள்பை.